தென்னை சாய்ந்த ஊரில் பதினேழு நாட்கள்: விடுமுறையில் மீட்புப் பணிக்குப் போனவர்களின் அனுபவங்கள்

வைகைக்கரை எழுதியது:

விடுமுறையில் எங்காவது நிவாரணப் பணிக்குப் போகலாமா என்று கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான். "போ. ஆனால் எல்லோரும் போகும்போது போகாதே; எல்லோரும் திரும்பிய பிறகு போ" என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்லத் தொடங்கினால் இரவாகிவிட்டது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இப்படிப் போய் வந்தவர்கள் உங்களில் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. நான் அப்போது மதுரையில் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. முதல் வாரத்திலேயே எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு லாரி கிளம்பியது. அரிசி, பிஸ்கட், மெழுகுவத்தி, பாய், போர்வை. எனக்குத் தேர்வு இருந்தது. மூட்டை கட்டிக் கொடுத்ததோடு என் பங்கு முடிந்தது. லாரியோடு போய் வந்த நண்பன் சொன்ன ஒரு செய்திதான் மனத்தில் தங்கிவிட்டது. தார்ச்சாலை ஓரத்தில் வந்து நின்றவர்களுக்கே எல்லாம் தீர்ந்துவிட்டதாம். உள்ளே பிரியும் வழிகளில் மரங்கள் குறுக்கே கிடந்தன, அதனால் அவர்கள் உள்ளே போகவே இல்லை. "அந்த வழியில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தார், அதற்குள் நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம்" என்றான்.

டிசம்பர் நடுவில் செமஸ்டர் விடுமுறை விட்டார்கள். 14ஆம் தேதி இரவு ஆறு பேராகக் கிளம்பினோம். காரைக்குடி, அறந்தாங்கி வழியாகப் பேராவூரணி. எங்களில் ஒருவன் வேளாண்மை படித்தவன். இன்னொருவனின் அப்பா மரக்கடை வைத்திருக்கிறார். மற்ற நால்வருக்கும் தென்னை என்றால் கடையில் வாங்கும் தேங்காய்தான். கிளம்புமுன் ஆறு பேரும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொண்டோம். பதினேழு நாளைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் கையோடு கொண்டு போனோம். இழந்து நிற்கிறவர் வீட்டில் நாம் இலை போட்டு உட்காரக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். போனபின் அது பாதிதான் சரி என்று தெரிந்தது. ஒரு வேளையாவது தங்கள் வீட்டில் சாப்பிடாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்பட்டார்கள்.

கிராமத்தின் பெயரைச் சொல்லவில்லை. பேராவூரணியிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போகும் வழியில் இருக்கிறது. நாங்கள் இறங்கியபோது புயல் அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தெருவுக்கு மின்சாரம் வந்து மூன்றே நாள். தோப்பு மோட்டார்களுக்கு இன்னும் வரவில்லை. புயல் அடித்த மாவட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன என்பதைச் செய்தியில் படித்தபோது அது ஓர் எண்ணாக மட்டும் இருந்தது. வயல் நடுவே புதுக் கம்பத்தைத் தோளில் சுமந்து சேற்றில் முழங்கால் புதைய நடந்த மின் ஊழியர்களைப் பார்த்தபோதுதான் அந்த எண்ணின் கனம் புரிந்தது.

முதல் நாள் காலை தோப்புக்குள் போனோம். அறுத்துப் போட்ட நெல் அரிகளைப் போல மரங்கள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் தலை வைத்துக் கிடந்தன. சில இடங்களில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே. "முதலில் வாடைக்காற்று அடித்தது. பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கிவிட்டது. முடிந்தது என்று கதவைத் திறந்து வெளியே வந்தோம் தம்பி. அப்புறம் தெற்கிலிருந்து வந்தது பாருங்கள், அதுதான் மிச்சத்தையும் சாய்த்தது" என்றார் தோப்புக்காரர். அறுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் ஐயா என்று கூப்பிட்டோம். மூன்று ஏக்கர், இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது மரம், மொத்தம் இருநூற்றுப் பத்து. நின்றவை இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டிலும் பாதிக்குக் குருத்து முறிந்திருந்தது.

ஒரு மாதம் ஆகியும் ஏன் அப்படியே கிடக்கின்றன என்று நாங்கள் அறியாமல் கேட்டோம். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். கணக்கெடுக்க வருகிறவர் கண்ணால் பார்க்காமல் மரத்தை அப்புறப்படுத்திவிட்டால், இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? இழப்பீடு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்திருந்தது. கணக்கில் ஏறாத மரத்துக்கு எதுவும் இல்லை. அதனால் ஊரில் பலர் விழுந்த மரத்தைத் தொடாமல் காத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், கிடக்கக் கிடக்க மரம் மக்கும். மக்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு நிற்கிற மரத்தின் குருத்தையும், நாளை வைக்கப்போகும் கன்றையும் குடையும். காத்திருந்தாலும் நட்டம், காத்திருக்காவிட்டாலும் நட்டம்.

ஆகவே முதல் மூன்று நாள் நாங்கள் ஒரு மரத்தையும் அறுக்கவில்லை. சுண்ணாம்பைக் கரைத்து, அடிமரத்தில் எண் எழுதினோம். ஒவ்வொரு மரத்தையும் வேர் தெரிய ஒரு படம், எண் தெரிய ஒரு படம். சர்வே எண், உரிமையாளர் பெயர், மரத்தின் வயது ஆகியவற்றை நோட்டில் ஏற்றினோம். ஐயாவுடைய மரங்கள் 182. அவருக்குப் பக்கத்துத் தோப்பு 94. அதற்கடுத்தது ஓர் அக்காவுடையது, 41. வந்த அலுவலர் எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்து, பத்து இடத்தில் மட்டும் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். அவரும் தூங்கிப் பல நாளானவர் போலத்தான் இருந்தார். அவர் பொறுப்பில் மூன்று ஊர்கள். அன்று மாலைதான் மரம் அறுக்கும் மெஷின் தோப்புக்குள் வந்தது.

மரம் அறுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், போகிறவர்களுக்குப் பயன்படும். மெஷினைத் தொழில் தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டும். நாங்கள் தொடவில்லை. எங்கள் வேலை முன்னும் பின்னும். முதலில் மட்டைகளைக் கழித்து இழுத்து வெளியே போட வேண்டும். பிறகு குலைகள், பன்னாடை. அதன்பின் மெஷின்காரர் ஐந்தாறு அடித் துண்டுகளாக அறுப்பார். துண்டுகளைக் கடப்பாரையால் நெம்பி வரப்போரம் உருட்ட வேண்டும். கடைசியில் வேர்க்கட்டையைப் பொக்லைன் எடுக்கும். தென்னை நாரும் மணலுமாக இருப்பதால் மெஷின் சங்கிலி சீக்கிரம் மழுங்கிவிடும். நாளுக்கு நான்கைந்து முறை உட்கார்ந்து அரம் போடுவார். அந்த நேரம்தான் எங்களுக்கு ஓய்வு.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை மூன்றாம் மரத்தில் தெரிந்துகொண்டோம். வேரோடு சாய்ந்த மரத்தின் வேர்ப்பாகம் ஒரு பக்கம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்டின் பாரம்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தண்டை அறுத்ததும் அந்த வேர்க்கட்டை மறுபடி குழிக்குள் சட்டென்று போய் உட்காரும். எங்களில் ஒருவன் அந்தக் குழியில் இறங்கி மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். மெஷின்காரர் அறுப்பதை நிறுத்தி, போட்ட சத்தத்தில் அவன் வெளியே பாய்ந்தான். அவன் ஏறிய பிறகு மீதி நான்கு விரற்கடையை அறுத்தார். ஒரு மாட்டு வண்டிப் பாரம் அந்தக் குழியில் போய் விழுந்தது. யாரும் பேசவில்லை. அன்று மாலை வரை அவன் கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சாய்ந்த மரத்தின் வேர்க்குழிக்குள் யாரும் எதற்காகவும் இறங்கக் கூடாது என்பதைப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

மட்டைகள் வீணாகவில்லை. ஊரில் பாதிக் கூரைகள் பறந்துவிட்டிருந்ததால் கீற்றுக்குப் பெரும் தேவை. காய்ந்த மட்டையைக் குளத்தில் ஊறப்போட்டு, மூன்றாம் நாள் எடுத்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முடைந்தார்கள். எங்களையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வட்டத்தில்தான் புயல் இரவைப் பற்றி அவர்கள் முதன்முதலாகப் பேசினார்கள். தோப்பில் நின்று கேட்டபோது யாரும் பேசவில்லை. கை எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் வாய் திறக்கும் போலும். கட்டிலுக்கடியில் மூன்று பிள்ளைகளையும் தள்ளிவிட்டு, பறந்துவிடாமல் கதவை விடியும்வரை முதுகால் தாங்கி நின்ற தாயின் கதையை ஈர்க்கு உரித்துக்கொண்டே கேட்டோம்.

தண்டு விலை போகவில்லை. வாங்க வந்தவர்கள் செங்கல் சூளைக்கு என்று அடிமாட்டு விலை கேட்டார்கள். ஏற்றுக்கூலிக்கும் ஈடாகாத அந்த விலைக்கும் பலர் கொடுத்தார்கள். தோப்பு காலியானால் போதும் என்றிருந்தது அவர்களுக்கு. ஐயா ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து கணக்குச் சொன்னார். நல்ல மரம் வருடத்துக்கு நூறு காய் தரும். காய்க்குப் பத்து ரூபாய் வைத்தாலும் ஆயிரம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, மகள் கல்யாணம், மகன் படிப்பு, எல்லாம் அந்த வெட்டில்தான். "அரசு கொடுப்பது ஒரு வருடத்துக் காய். புதுப் பிள்ளை வைத்தால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம். நடுவில் இருக்கும் வருடங்களுக்கு யார் பொறுப்பு?" என்றார். பொருளியல் படித்துக்கொண்டிருந்த நான் அதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. தென்னங்கன்றை அந்தப் பக்கத்தில் யாரும் கன்று என்பதில்லை. பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்பது வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் அங்கே குடும்பம் நடந்திருக்கிறது.

மதியம் இரண்டு முதல் ஐந்து வரை வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு மனு எழுதினோம். இந்த வேலைதான் மரம் இழுப்பதைவிடக் கடினம். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து இருபது வருடம். குத்தகைக்கு எடுத்தவர் மரத்தை வளர்த்திருப்பார். பணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போகும். ஆதார் அட்டை ஊறி எழுத்து அழிந்திருக்கும். ஓர் ஆத்தா வந்தார். வீட்டுப் பின்புறம் ஒன்பது மரம், இடம் புறம்போக்கு. சிட்டா இல்லை, அடங்கல் இல்லை. எந்தப் படிவத்திலும் அவருடைய மரங்களுக்குக் கட்டம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தோம். "ஒன்பது என்று எழுத்திலும் எழுது தம்பி, எண்ணை யாராவது திருத்திவிடுவார்கள்" என்றார். எழுதினேன். அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்றும் மனம் ஆறவில்லை.

ஐயாவின் 182இல் நாங்கள் இருந்தவரை அறுத்து முடித்தது 140 சொச்சம். மேற்கு மூலையில் ஒரு மரம். முழுதும் சாய்ந்து தரையோடு தரையாகக் கிடந்தது. எண் 117. மெஷின்காரர் அதை நெருங்கியபோது ஐயா வேகமாக வந்து, தண்டின்மேல் கை வைத்துக்கொண்டார். "இதை மட்டும் விட்டுவிடுங்கள்." பார்த்தோம். வேரில் ஒரு பகுதி இன்னும் மண்ணுக்குள் இருந்தது. குருத்து பச்சையாக இருந்தது. அதைவிட, மட்டைக் கக்கத்தில் ஒரு பாளை வெடித்திருந்தது. விழுந்த பிறகு வெடித்த பாளை. பூவில் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. வேளாண்மை படித்தவன் மட்டும், பிழைப்பது கடினம் என்று என் காதில் சொன்னான். ஐயாவிடம் சொல்லவில்லை. அந்த மரத்தைச் சுற்றி மண் அணைத்துவிட்டு வந்தோம்.

31ஆம் தேதி ஊர் திரும்பினோம்.

உப்பங்காற்று எழுதியது:

வைகைக்கரை சொன்ன "எல்லோரும் திரும்பிய பிறகு போ" என்பதை நான் வேறொரு விதமாகக் கற்றேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன், பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. நான் எழுத வந்தது துணிகளைப் பற்றி.

நாங்கள் பெண்கள் எட்டுப் பேர் ஒரு கல்யாண மண்டபத்து முகாமில் இருந்தோம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கத்துக் குடும்பங்கள். லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மண்டபத்து வாசலில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து நாறியது. கிழிந்த சட்டைகள், கோட்டு சூட்டு, பட்டன் போன சுடிதார். எல்லாம் இழந்தவர்கள்தாம், ஆனாலும் அந்தக் குவியலில் குனிந்து பொறுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வரவும் கூடாது. ஒரு மீனவப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, தலை குனிந்தபடி, உள்பாவாடையும் மாதவிடாய்க்குத் துணியும் கிடைக்குமா என்று கேட்டார். ஆறு நாளாக யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருந்திருக்கிறார். அந்தக் குவியல் முழுவதிலும் அந்த இரண்டும் இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் அதே பெண்ணிடம், இப்போது என்ன வேண்டும் அக்கா என்று கேட்டேன். "அன்னக்கூடை" என்றார். மீன் சுமந்து விற்கப் போகும் அந்த அலுமினியக் கூடை. கடலுக்குப் படகு போகத் தொடங்கவில்லை, மீனை வாங்கவும் ஆள் அஞ்சிய காலம். இருந்தும் அவர் கேட்டது கூடையும் தராசும்தான். எங்கள் தெருவில் வசூலித்துப் பதினோரு கூடைகள் வாங்கினோம். வாங்கியதும் அவர் அதைத் தட்டி ஓசை பார்த்தார், கடையில் பார்த்து வாங்குவதைப் போலவே.

பாரதப்புழை எழுதியது:

நான் கோயம்புத்தூர், படித்தது பாலக்காட்டில். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தால் அந்த வருடம் கேரள அரசு ஓணக் கொண்டாட்டங்களை நடத்தவில்லை. ஓண விடுமுறையில் எங்கள் வகுப்பிலிருந்து செங்கன்னூர்ப் பக்கம் போனோம். வேலை ஒன்றே ஒன்று: வீட்டுக்குள்ளிருந்து சேறு வாருவது. தண்ணீர் வடிந்ததும் சேறு தயிர்ப்பதத்தில் இருக்கும். நான்கு நாள் விட்டால் செங்கல்லாகிவிடும். எனவே நாள் கணக்கு முக்கியம். அந்த வகையில் வைகைக்கரை சொன்னதற்கு நேர்மாறு, வெள்ளத்தில் சீக்கிரம் போனால்தான் பயன். பீரோவுக்கடியில் பாம்பு இருக்கும், கையை விடாமல் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், சுகாதாரப் பணியாளர்கள் கண்ணெதிரே விழுங்கச் சொன்னார்கள். கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு ஐந்து கிராம் பிளீச்சிங் பவுடர். கிணற்றின் விட்டத்தையும் நீர் மட்டத்தையும் கயிற்றால் அளந்து நானே கணக்குப் போட்டேன்; பள்ளியில் படித்த உருளையின் கன அளவு அன்றுதான் எனக்குப் பயன்பட்டது.

மூன்று மாதம் கழித்து கஜா. கேரளத்திலிருந்து மின் ஊழியர்கள் டெல்டாவுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டதும் என் அறைத்தோழன், மலையாளி, பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மதுக்கூரான் எழுதியது:

நீங்கள் எல்லோரும் உதவப் போனவர்கள். நான் உதவி வாங்கிய பக்கம்.

கஜா அடித்தபோது நான் சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. இரண்டு நாள் வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் வரை பஸ், அங்கிருந்து யார் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு, கடைசி ஏழு கிலோமீட்டர் நடந்து ஊர் சேர்ந்தேன். அம்மா உயிரோடு இருந்தார். வீட்டுக்கு மூன்று சுவர் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு வேன் வந்தது. வரிசையில் நிற்கவைத்து அரிசிப் பை கொடுத்தார்கள். பையைக் கொடுப்பவர் ஒரு முனையும் வாங்குகிறவர் ஒரு முனையும் பிடித்தபடி படத்துக்கு நிற்க வேண்டும். என் அம்மா பத்து வருடம் தோப்பில் ஆள் வைத்து வேலை வாங்கியவர். படம் எடுத்து முடியும்வரை முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "முகம் தெரியவில்லை, இன்னொரு தடவை" என்றார்கள். நான் போய்ப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா அன்று என்னைத் திட்டினார், அரிசி வேண்டியிருந்தது. நான் செய்தது சரியா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

டிசம்பர் கடைசியில் இரண்டு மாணவர்கள் வந்தார்கள், திருச்சிப் பக்கம் என்று நினைவு. ஏதாவது காகிதங்கள் நனைந்துவிட்டனவா என்று கேட்டார்கள். அப்படி யாரும் கேட்டதே இல்லை. டிரங்குப் பெட்டியில் என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், வீட்டுப் பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாக இருந்தன. அவர்கள் பிய்க்கவில்லை. ஒரு தாம்பாளத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி, கட்டாக அதில் மிதக்கவிட்டு, தானாக விலகியதும் ஒவ்வொன்றாக எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லை வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தித்தாளை மாற்றினார்கள். மை கரையும் தாள்களை முதலிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளும் வந்து மாற்றினார்கள். அப்பாவின் சான்றிதழில் இருந்த முத்திரை மட்டும் கரைந்தது. மற்றவை எல்லாம் இன்றும் என்னிடம் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பட்டியல்களைத்தான் காட்டினேன்.

அவர்களுக்கு டீ கொடுக்க அம்மாவிடம் டம்ளர் இல்லை. சொம்பில் போட்டு, ஒருவர் குடித்தபின் ஒருவர் குடித்தார்கள். அம்மா இன்றுவரை அவர்களைப் பற்றிச் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறார்: "இரண்டு பேரும் தயங்காமல் அந்தச் சொம்பில் வாய் வைத்துக் குடித்தார்கள்."

வைகைக்கரை, 117ஆம் எண் மரம் என்ன ஆயிற்று? எங்கள் பக்கத்திலும் அப்படி இரண்டு மரங்களை விட்டுவைத்தார்கள். ஒன்று பட்டது.

வைகைக்கரை எழுதியது:

மதுக்கூரான், உங்கள் அம்மா முகத்தை மறைத்துக்கொண்டதைப் படித்தபோது எங்கள் கல்லூரி லாரியில் கட்டியிருந்த பேனர் நினைவுக்கு வந்தது. இருபுறமும் கல்லூரிப் பெயர், பெரிய எழுத்தில். அதைக் கட்டிய கைகளில் என்னுடையதும் உண்டு. பாரதப்புழை, சேற்று விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி, என் தம்பியிடமும் திருத்திச் சொல்லிவிட்டேன்.

117 பிழைத்தது. 2023 மே மாதம் நானும் இன்னொருவனும் ஊருக்குப் போயிருந்தோம். இடையில் ஐயாவோடு போனில் பேசுவதுண்டு. ஆனால் அவர் மரத்தைப் பற்றிச் சொன்னதில்லை, நேரில் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தாராம். தோப்பு நிறையப் புதுப் பிள்ளைகள். குட்டை ரகம் வைத்த வரிசைகளில் பாளை தள்ளியிருந்தது. நெட்டை இன்னும் வரவில்லை. இடையிடையே மண்பானைகளில் ஆமணக்குப் பிண்ணாக்குக் கரைசல். வண்டு அந்த வாடைக்கு வந்து விழுமாம். ஒரு பானையில் குனிந்து பார்த்தேன், கொம்பு வைத்த கறுப்பு வண்டுகள் நான்கு மிதந்தன. பிள்ளைகளில் சிலவற்றின் மட்டைகள் கத்தரியால் வெட்டியது போல இருந்தன. அதற்கும் அந்த வண்டுதான் காரணம் என்றார். அறுக்காமல் விட்ட நாற்பது மரங்களை அடுத்த கோடை வரை அகற்ற முடியவில்லை என்றும் சொன்னார். எங்களைக் குறை சொல்லும் குரலில் இல்லை. இருந்தாலும், இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மேற்கு மூலைக்கு ஐயாவின் மனைவி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். தண்டு அன்று கிடந்தபடியே தரையோடு கிடந்தது. மேலே கோழி ஒன்று நடந்துகொண்டிருந்தது. நுனியில் மட்டும் தண்டு வளைந்து எழும்பி, ஆள் உயரத்தில் தலை விரித்திருந்தது. மூன்று குலைகள். சுண்ணாம்பு எண்ணில் ஒரு 1 மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி இரண்டு இளநீரைத் திருகிப் பறித்தார்.

"இதற்கு ஏற ஆள் கூப்பிட வேண்டியதில்லை தம்பி" என்று சொல்லி, அரிவாளை எடுத்துவர வீட்டுப் பக்கம் நடந்தார்.